வாடையைத் துரத்தாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அடுப்பே பற்றவைக்காமல் உன் பழைய கேம்பர் வண்டியில் (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) எரிவாயு சிலிண்டர் காலியாகிறது, கதவைத் திறந்தவுடன் லேசாக வாயு வாடை வந்து மறைகிறது என்று எழுதியிருந்தாய். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் ஸ்பானரால் ஒரு சுற்று இறுக்கிவிட்டாயாம். அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீரென்றது. செம்புக் குழாயின் விரிந்த வாய், பித்தளைக் கூம்பின்மேல் அழுந்தி உட்கார்ந்துதான் வாயுவைத் தடுக்கிறது. மரை வெறும் பிடிமானம். மேலும் மேலும் முறுக்கினால் வாய் நசுங்கிக் கீறல் விடும். அந்த மரையில் டேப் சுற்றுவதும் வீண்.

மூக்கையும் நம்பாதே. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் வாயுவுக்கு மணம் கிடையாது. நமக்கு வருவது, கசிவு தெரியட்டும் என்று அதில் கலந்த மெர்காப்டன் என்ற வேதிப்பொருளின் நாற்றம். சிறிது நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிப்போகும். வாயுவோ காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நீ நிமிர்ந்து நின்று மோப்பம் பிடிக்கும்போது அது தரையோடு தவழ்ந்துகொண்டிருக்கும். வாடை பலமாக வந்தால் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்: எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வா, சிலிண்டரை மூடு.

முதலில் கசிவு உண்டா என்று பார். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை ‘ப’வைப்போல் வளைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்பின் ஜெட்டில் (வாயு வெளிவரும் சிறு துளை) செருகி, அந்தக் குமிழைத் திற. மற்ற எல்லாவற்றையும் மூடு. வாயுவில் ஓடும் குளிர்பெட்டியின் பைலட் சுடரை (அணையாமல் எரியும் சிறு சுடர்) மறந்துவிட்டுக் கசிவு என்று அலறியவர்களில் நானும் ஒருவன். சிலிண்டரைத் திறந்து மூடு. வளைந்த குழாயின் இரு பக்கங்களிலும் உள்ள நீர்மட்டங்களின் வித்தியாசம்தான் அழுத்தம். என் வண்டியில் 28 சென்டிமீட்டர். ஆனால் உடனே கடிகாரத்தைப் பார்க்காதே. ரெகுலேட்டருக்கு முன்னால் அடைபட்ட வாயு, கசிவதை நிரப்பிக்கொண்டே இருக்கும், மட்டம் அசையாது. இன்னொரு பர்னரைக் கொஞ்சம் எரியவிட்டு 20 சென்டிமீட்டருக்கு இறக்கி, அதையும் அணைத்து, ஐந்து நிமிடம் காத்திரு. மட்டம் இறங்கினால் கசிவு.

நிழலில் செய். குழாயில் அடைபட்ட வாயு ஒரு டிகிரி குளிர்ந்தாலே மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும். ஒரு மேகம் சூரியனை மறைத்ததற்காக அடுப்பையே கழற்றிப் போட்டவன் நான். வெயில் ஏறினால் இதற்கு நேர்மாறு: உண்மையான கசிவையே அது மறைத்துவிடும்.

மட்டம் இறங்காவிட்டாலும் கொண்டாடாதே. என் வண்டியில் அது அசையவே இல்லை. ஆனால் தராசில் வைத்த சிலிண்டர் வாரத்துக்கு வாரம் எடை குறைந்தது. இருபது சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் விரிசல், சிலிண்டரின் முழு அழுத்தத்தில் திறந்துகொள்ளும். இதமான நாளில்கூட அது 7 பார், அதாவது எழுபது மீட்டர் உயரத் தண்ணீர்!

ஆகவே சிலிண்டர் திறந்திருக்கும்போது, வால்விலிருந்து ரெகுலேட்டர்வரை சோப்புத் தண்ணீர் தடவு. அம்மோனியா கலந்த திரவம் ஆகாது, பித்தளையில் விரிசல் விடவைக்கும். மெல்லிய கசிவு பெரிய குமிழி விடாது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, பூஞ்சை படர்வதுபோல் வெள்ளை நுரை எழும். நட்டின் முதுகுப்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பார். என்னுடையது ரப்பர் குழாயில், பித்தளைப் பூண் முடிகிற இடத்தில் இருந்தது. நேராகத் தொங்கும்போது ஒன்றுமில்லை. சிலிண்டர் பெட்டிக்குள் வளைகிறபடி வளைத்தபோதுதான் நுரை பூத்தது. குழாயை மாற்றினேன், எடை குறைவது நின்றது.

சுவருக்குள் போகும் குழாயில் சந்தேகம் வந்தால் எரிவாயு மெக்கானிக்கைக் கூப்பிடு. தரையோரம் இருக்கும் கசிவு அலாரத்தின் தேதியையும் பார். ஐந்து முதல் ஏழு ஆண்டுதான் அதன் ஆயுள். பல பழைய வண்டிகளில் விளக்கு மட்டும் எரியும், வாயுவை அது உணராது.

ஐந்து நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று எழுது. அதுவரை இரவில் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் படு.

அன்புடன்,
அண்ணன்