லேப்பில் கொடுத்த பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆபாசப் படங்களில் நடிப்பவர்களின் சொந்த விவரங்கள் இணையத்தில் கசிவது பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தீர்கள். 'எல்லாம் தெரிந்து கேமரா முன்னால் நின்றவர்களுக்கு என்ன அந்தரங்கம்?' என்று மறுநாளே ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தப் படங்கள் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. 26 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே ஒரு பரிசோதனை மையம் இருந்தது. முன்னாள் நடிகை ஷாரன் மிட்செல் 1998-இல் தொடங்கியது. மாதாமாதம் ரத்தம் கொடுத்து, ஹெச்.ஐ.வி. இல்லை என்று காட்டினால்தான் படப்பிடிப்பு. 2011-இல் அந்த மையத்தின் பதிவேட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட விவரங்கள் ஓர் இணையதளத்தில் ஏறின. 12,000 பேருக்கு மேல். படத்துக்கு வைத்துக்கொண்ட பெயர், பக்கத்திலேயே அப்பா அம்மா வைத்த பெயர். சிலருக்கு வீட்டு விலாசமும் உண்டு. தொழிலை விட்டுப் போனவர்களையும் விடவில்லை. அதே வருடம் மே மாதம் மையத்தை மூடிவிட்டார்கள்.

அந்த வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவுக்கு அவர்கள் காட்டியது முகத்தை. சொந்தப் பெயரைச் சொன்னது என்னைப் போன்ற லேப்காரனிடம். அதுவும் நோய் பரவக்கூடாது என்று வந்த இடத்தில். இப்போது அங்கே வேறு ஏற்பாடு: தயாரிப்பாளர் பார்த்தால் 'நடிக்கலாம்', 'இப்போது முடியாது' என்பது மட்டும்தான் தெரியும், என்ன நோய் என்று தெரியாது. முதலிலேயே செய்திருக்கலாம்.

நானும் யோக்கியன் இல்லை. ஹெச்.ஐ.வி. டெஸ்டுக்கு வருபவர்களை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஒருநாள் கூட்டம் அதிகம். அவசரத்தில் கதவருகே நின்று, ரிசல்ட் வாங்க வந்த ஒரு பெண்ணின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். சளி டப்பாவோடு பெஞ்சில் இருந்த பெரியவர் நிமிர்ந்து, "நம்ம ஊர்ப் பொண்ணுல்ல?" என்றார். அந்தப் பெண் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனது, திரும்பி வரவில்லை. ரிசல்ட் நெகட்டிவ்தான். அந்தச் சீட்டு மூன்று மாதம் என் மேஜை டிராயரிலேயே கிடந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திண்டுக்கல்.
(பெயர் போட வேண்டாம்.)