வெண்டெல் ஸ்காட் ஐயாவுக்கு, அந்த 202 சுற்றுகள் பற்றி

அன்புள்ள வெண்டெல் ஸ்காட் ஐயா,

நீங்கள் 1990 டிசம்பரில் காலமானீர்கள். அதற்குப் பிறகு நடந்த சிலவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கறுப்பர் என்பதால்தான் நீங்கள் ஜெயித்த பந்தயத்தின் கோப்பையை உங்கள் கையில் கொடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னதில் உங்கள் பக்கம் நின்று பேசவும் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் ஓட்டிய அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாதாரணக் கார் மாதிரியிலான கார்களை வைத்து நடக்கும் பந்தயம், பற்றித் தமிழில் அதிகம் யாரும் எழுதுவதில்லை. அதனால் உங்களுக்கு மனப்பாடமான கதையையே வாசிப்பவர்களுக்காக மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1963 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஸ்பீட்வே பார்க். அரை மைல் மண் தடம், 200 சுற்று. ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பொது இடங்களில் கறுப்பர்களை ஒதுக்கிவைப்பதைத் தடை செய்த சட்டம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. நெட் ஜாரெட்டிடம் வாங்கிய பழைய செவர்லேயில் 34 என்ற எண்ணோடு நீங்கள் தடத்தில் இறங்கினீர்கள். டிரைவரும் நீங்கள்தான், மெக்கானிக்கும் நீங்கள்தான். உதவிக்கு உங்கள் பிள்ளைகள். எதிரே ரிச்சர்ட் பெட்டி, பக் பேக்கர் மாதிரி பெரிய ஆட்கள்.

பெட்டியின் கார் கோளாறாகித் தடுமாறியபோது, 25 சுற்று மிச்சமிருக்கையில் அவரைத் தாண்டி முன்னால் போனீர்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களைப் பிடிக்கவில்லை. 200-ஆவது சுற்றை முடித்து வந்தீர்கள். ஜெயித்தவருக்கு அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினீர்கள். அப்போதும் இல்லை. 202-ஆவது சுற்றும் முடிந்தது. உங்களுக்கு இரண்டு சுற்று பின்னால் வந்துகொண்டிருந்த பக் பேக்கர் தன் 200-ஆவது சுற்றை முடித்தார். கொடி அவருக்கு விழுந்தது. கோப்பை, புகைப்படம், அழகுராணியின் முத்தம் எல்லாம் அவருக்கே போயின. நீங்கள் அப்போதே ஆட்சேபித்தீர்கள். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஜெயித்தது நீங்கள்தான் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆயிரம் டாலர் பரிசுப் பணம் வந்தது. கோப்பை வரவில்லை.

அன்றைய விளக்கம், சுற்றுகளை எண்ணியதில் தவறு என்பது. இதை நியாயமாகவே எடுத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் தவறு நடப்பது சாதாரணம். ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, தன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். மண் தடத்தில் புழுதி வேறு. முன்னணியில் இருப்பவர் மற்றவர்களைச் சுற்றுக்கணக்கில் முந்திவிட்டால், கண்ணுக்கு முன்னால் ஓடுகிற வரிசைக்கும் உண்மையான வரிசைக்கும் சம்பந்தமே இருக்காது. 1959-இல் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு வெற்றிக் கொடி விழுந்தது. அவருக்கு அது முதல் வெற்றியாக இருந்திருக்கும். ஆட்சேபித்தவர் யார் தெரியுமா என்று வாசிப்பவர்களைத்தான் கேட்கிறேன், உங்களுக்கு நன்றாகவே தெரியும். அவருடைய அப்பா லீ பெட்டி. தாளை மறுபடி எண்ணிப் பார்த்தார்கள், அப்பா சொன்னது சரி. வெற்றி அப்பாவுக்குப் போனது. ஆகவே எண்ணிக்கை தவறும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த விளக்கம் என் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. கோட்டுக்கு அருகே மூக்கும் மூக்கும் உரசிக்கொண்டு வந்த இரண்டு கார்களில் எது முன்னால் என்ற சந்தேகம் அல்ல இது. இடையில் முழுதாக இரண்டு சுற்று இருந்தது. தாளில் பிசகியிருந்தாலும், முன்னால் ஓடிய டிரைவர் நேரில் வந்து நின்று சொல்கிறார். தாள்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த அரங்கில் எல்லோருக்கும் உண்மை தெரியும், ஒரு கறுப்பர் அழகுராணியின் அருகே நின்று பரிசு வாங்குவதைக் காட்ட அவர்களுக்கு மனமில்லை என்று நீங்கள் பின்னாளில் சொன்னீர்கள். நான் அதை நம்புகிறேன். தடத்துக்குள் ஓடிய மனிதரின் சொல்லை நம்ப எனக்கு வேறு ஆவணம் தேவைப்படவில்லை.

இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1959-இல், பிப்ரவரியில், முதல் டேடோனா 500 நடந்தது. லீ பெட்டி, ஜானி போஷாம்ப், அவர்கள் பக்கத்திலேயே ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லி, மூன்று காரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டின. போஷாம்ப் ஜெயித்ததாக அறிவித்தார்கள். லீ பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் தலைவர் பில் ஃபிரான்ஸ் முடிவை நிறுத்திவைத்து, அன்று எடுத்த புகைப்படங்களையும் செய்திப்படச் சுருள்களையும் தேடித் திரட்டினார். மூன்று நாள் கழித்து லீ பெட்டிக்கு வெற்றி. அந்த மூன்று நாளும் நாட்டின் பத்திரிகைகளில் பந்தயம்தான் பேச்சு. நாஸ்காருக்கு அது பெரிய விளம்பரம். முடிவு தீரும்வரை எல்லோரையும் காக்கவைக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஜாக்சன்வில்லில் யாரையும் காக்கவைக்கவில்லை. கோப்பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள்.

திருத்திவிட்டார்களே, பணமும் கொடுத்தார்களே, இன்னும் என்ன என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டாக் கார் பந்தயம் எதை வைத்து ஓடுகிறது என்று தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அது ஸ்பான்சர் பணத்தில் ஓடுகிறது. எஞ்சின், டயர், அடுத்த ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அதில்தான். ஸ்பான்சர் பார்ப்பது முடிவுப் பட்டியலை அல்ல, கோப்பையோடு நிற்கும் மனிதரின் படத்தை. திங்கட்கிழமை பத்திரிகையில் உங்கள் படம் வந்திருந்தால், ஒரு மோட்டார் நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ டேன்வில்லில் இருந்த உங்கள் பட்டறைக் கதவைத் தட்டியிருக்குமா? எனக்குத் தெரியாது. தட்ட ஒரு காரணமாவது இருந்திருக்கும். அந்தக் காரணத்தைத்தான் அன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டார்கள்.

அது இல்லாமலேயே நீங்கள் ஓட்டியதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. மற்றவர்கள் ஓட்டிக் கழித்த கார், கழற்றிய பாகம், பழைய டயர். அவற்றை வைத்துக்கொண்டு 1966-இல் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1966 முதல் 1969 வரை நான்கு வருடமும் முதல் பத்துக்குள். மொத்தம் 495 பந்தயங்கள், அதில் 147 முறை முதல் பத்து. 1973 மே மாதம் டாலடேகாவில் பல கார்கள் மோதிக்கொண்ட அந்தப் பெரும் விபத்தில் உங்கள் உடம்பு நொறுங்கியது. அதன் பிறகு ஒரே ஒரு பந்தயம், சார்லட்டில். அதோடு சரி. ஆரம்பத்தில் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியவர்களிடமே திரும்பத் திரும்பப் போய் லைசென்ஸ் வாங்கி, இருபது வருடம் அவர்கள் தடங்களிலேயே ஓட்டியிருக்கிறீர்கள்.

இனி, நீங்கள் போன பிறகு நடந்தவை.

2015-இல் உங்களை நாஸ்காரின் சாதனையாளர் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அதில் இடம்பெற்ற முதல் கறுப்பர் நீங்கள். 2021 ஆகஸ்ட் 28 அன்று, உங்கள் நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், டேடோனாவில் உங்கள் குடும்பத்தாரிடம் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் கொடுத்தது. பந்தயம் முடிந்து ஐம்பத்தேழு வருடம் தாண்டிவிட்டது. உங்கள் பிள்ளைகள் அதற்காக விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கொடுத்தது நல்ல காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்க வேண்டிய கை இல்லாமல் போன பிறகு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தாமதம் உங்கள் ஒருவருக்கு மட்டும் நடக்கவில்லை. பாபி ஆலிசனை உங்களுக்குத் தெரியும். 1971 ஆகஸ்டில் வின்ஸ்டன்-சேலத்தின் போமன் கிரே அரங்கில் அவர் சின்ன வகைக் காரான முஸ்டாங்கில் ஓட்டி எல்லோரையும் தோற்கடித்தார். இரண்டு வகைக் கார்களும் கலந்து ஓடிய பந்தயம் அது. அந்த வெற்றியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதே வருடம் அதே மாதிரி கலப்புப் பந்தயங்களில் டைனி லண்ட் ஜெயித்ததை மட்டும் சேர்த்தார்கள். இரண்டாவது வந்த ரிச்சர்ட் பெட்டிக்கும் கொடுக்கவில்லை, ஆக ஜெயித்தவரே இல்லாத பந்தயமாக அது ஏட்டில் கிடந்தது. 2024 அக்டோபரில்தான் ஆலிசனுக்கு அதைக் கொடுத்தார்கள், அவருடைய 85-ஆவது வெற்றியாக. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். ஆனாலும் தன் காதால் கேட்டார், அந்த மட்டும் நிம்மதி.

இப்போது முடிவை மாற்றுவதில் தயக்கம் குறைந்திருக்கிறது. 2022 ஜூலையில் போகோனோ தடத்தில் முதலாவதாக வந்த டென்னி ஹாம்லினையும் இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷையும் காரின் முன்பகுதியில் ஒட்டியிருந்த டேப்புக்காக நீக்கிவிட்டு, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். எலியட் அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை. 1960-க்குப் பிறகு, நீங்களும் ஓட்டிய நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் ஜெயித்தவரை நீக்கியது அதுவே முதல் தடவை. விதி விதிதான், எனக்கு ஆட்சேபமில்லை. சுற்று எண்ணுவதற்கும் இப்போது ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற, கோட்டைத் தாண்டுவதைத் தானாகப் பதியவைக்கும் கருவி இருக்கிறது. இரண்டு சுற்று முன்னால் இருக்கும் காரை யாரும் பார்க்காமல் விட முடியாது.

ஒரு நல்ல செய்தியை உங்களுக்காக மிச்சம் வைத்திருக்கிறேன். பப்பா வாலஸ் என்று ஒரு பையன். உங்கள் குடும்பம் கோப்பை வாங்கி ஒன்றரை மாதத்துக்குள், 2021 அக்டோபர் 4 அன்று, உங்களுக்கு விபத்து நடந்த அதே டாலடேகாவில் ஜெயித்தார். அந்த உயர்மட்டத் தொடரில் உங்களுக்குப் பிறகு ஜெயித்த முதல் கறுப்பர் அவர். உடனே ஒரு கூட்டம் கிளம்பியது, மழையில் பாதியில் நின்ற பந்தயம்தானே, அதெல்லாம் வெற்றியா என்று. மழையில் நின்றால் அப்போது முன்னால் இருப்பவருக்கே வெற்றி என்பது எல்லா டிரைவருக்கும் பொதுவான விதி. அவர் நிறத்தைப் பார்த்தபோது மட்டும் அவர்களுக்கு அது மறந்துவிட்டது.

2022-இல் கான்சஸில் முழுத் தூரமும் ஓடி மறுபடி ஜெயித்தார். 2025 ஜூலை 27 அன்று இண்டியானாபொலிஸில், பிரிக்யார்ட் 400. முடிய சில சுற்று இருக்கும்போது மழை வந்து கார்களை நிறுத்தினார்கள். பழைய கணக்கு திரும்புகிறதோ என்று நான் பயந்துவிட்டேன். மழை விட்டது. கூடுதல் சுற்றுகள் இரண்டு தடவை போனது, எரிபொருள் தீரும் நிலை, முட்டிக்கொண்டு துரத்தியவர் கைல் லார்சன். இரண்டு தடவையும் லார்சனை முந்தவிடாமல் ஓட்டி, முதலாவதாக வந்து, அப்போதே கொடியை வாங்கினார் ஐயா.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு தமிழ் ரசிகன்