சட்ட வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே நீதிபதியைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அப்படித் தேர்ந்தவர் அமெரிக்காவின் லெர்னட் ஹேண்ட். (லெர்னட் என்றால் ஆங்கிலத்தில் கற்றறிந்தவர்; ஆனால் இது பட்டமல்ல, அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர்.) 1872ல் ஆல்பனியில் பிறந்தவர். 1909ல் நியூயார்க்கில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி. 1924 முதல் நியூயார்க் பகுதி வழக்குகளைக் கேட்கும் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். 1961ல் இறந்தார். உச்ச நீதிமன்றப் பதவி கடைசிவரை வரவில்லை.

முதல் சில கூட்டங்கள் 1917ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே கழிந்தன. போர்க்காலம். போரை எதிர்த்த 'தி மாஸஸ்' இதழைத் தபாலில் ஏற்க மறுத்தார் நியூயார்க் அஞ்சல் அதிகாரி. அரசைக் கடுமையாகத் திட்டுவது வேறு, சட்டத்தை மீறச் சொல்லித் தூண்டுவது வேறு என்று பிரித்து, இதழின் பக்கம் நின்றார் ஹேண்ட். மேல் நீதிமன்றத்துக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தனக்கு இடைஞ்சலாகும் என்று தெரிந்தேதான் எழுதினார். அந்தத் தீர்ப்பு சில மாதங்களில் ரத்தானது, பதவியும் வேறொருவருக்குப் போனது. 1969ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதே கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதை வாசித்த மாலையில் யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.

அப்புறம் 1932ன் 'டி.ஜே. ஹூப்பர்' என்ற இழுவைக் கப்பலின் வழக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1928 மார்ச்சில் நியூஜெர்சி கடலோரம் புயலில் இரண்டு நிலக்கரிப் படகுகள் மூழ்கின. அவற்றை இழுத்துச் சென்ற கப்பல்களில் சரியாக வேலை செய்யும் வானொலி இல்லை; இருந்திருந்தால் புயல் எச்சரிக்கையைக் கேட்டுக் கரை ஒதுங்கியிருக்கலாம். யாருமே வைப்பதில்லையே என்பது உரிமையாளர்களின் வாதம். ஒரு தொழிலே மொத்தமாகப் பின்தங்கியிருக்கலாம், எல்லோரும் செய்யாததாலேயே அது சரியாகிவிடாது என்றார் ஹேண்ட். பாதுகாப்புக் கருவி இல்லாமல் வேலை நடக்கும் இடங்களைப் பற்றி அன்று உறுப்பினர்கள் நெடுநேரம் பேசினார்கள். அந்தப் பேச்சைக் குறிப்பேட்டில் முழுதாகப் பதிந்திருக்கிறேன்.

1945ன் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் ஏகபோக வழக்கைத் தொட்டோம், முடிக்கவில்லை. வரும் ஆண்டை அதிலிருந்தே தொடங்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அவை ஒப்புதல் தர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.