கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் உதவிய அப்பத்தாவுக்கு நன்றி

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் காரைக்குடிப் பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தபோது, எங்களுடன் கரையில் வந்து நின்று, பெயர்கூடச் சொல்லாமல் புறப்பட்டுவிட்ட அப்பத்தாவுக்கு இப்பதிவின் வழியே நன்றி கூறுகிறேன். 1977இல் அமைக்கப்பட்ட சரணாலயம், அங்கு வரும் நாரை வகைகள் என்று இயற்கைக் கல்வியாளராகிய நான் அடுக்கியவற்றைப் பிள்ளைகள் மரியாதைக்காகவே கேட்டார்கள் என்று தோன்றுகிறது. கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று தம் ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை என்பதை, அவ்வூருக்கு மருமகளாக வந்த காலத்திலிருந்து தொடங்கி அவர் நிதானமாக விவரித்தபோதோ, கூச்சல் தானாகவே அடங்கியது. நத்தைகுத்தி நாரையின் அலகில் நடுவே காணப்படும் இடைவெளி குஞ்சுகளுக்கு இருப்பதில்லை, வளர்ந்த பிறகே உண்டாகிறது என்பதையும் (எங்கள் கையேட்டில் இது இல்லை) அவரே எடுத்துச் சொன்னார். அடுத்த நிகழ்ச்சியை அவரே பேசித் தொடங்கி வைக்க வேண்டுமென விரும்புவதால், அவரை அறிந்தவர்கள் இச்செய்தியை அவரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.