மத்துகமவில் வத்தகை நடும் மச்சானுக்கு

உரும்பிராய்,
ஆவணி மாதம்.

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிந்து நேற்றுத்தான் வீட்டில் ஆறுதலாக இருந்தோம். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. நட்ட வத்தகைக் (தர்பூசணி) கொடிகள் வாடிப்போயின, உன் காணி மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.8 என்று எழுதியிருந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பிழை என்னுடையது மச்சான். விதையை அனுப்பியதும் நான், எங்கள் தோட்டத்தில் செய்கிறபடியே செய் என்று சொன்னதும் நான். நம் செம்பாட்டு மண்ணுக்கு அடியில் கிடப்பதே சுண்ணாம்புக் கல். அதை உடைத்துத்தான் கிணறே வெட்டுகிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். புளிப்பை முறிக்க மண்ணுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்ற நினைப்பே இங்கே ஒருவருக்கும் வராது. உன்னுடையதோ பழைய இறப்பர்க் காணி. அங்கே பெய்கிற மழை மண்ணிலிருந்த கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய், மண்ணைப் புளிக்க வைத்துவிடும். அதற்குமேல் அமோனியம் சல்பேற்று உரமும் போடச் சொன்னேனே! அது மண்ணை இன்னும் புளிக்க வைக்கும். நம் மண் தாங்கும், உன் மண் எப்படித் தாங்கும்?

வாடின கொடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கட்டையாகத் தடித்து, நுனி கபில நிறமாக, பக்க வேரே இல்லாமல் இருந்தது என்று எழுதியிருந்தாய். அது அலுமினியம் செய்கிற வேலை. பிஎச் 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியைத் தாக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கொடி குடிக்காது. விதையிலும் பிழை இல்லை, உன் கையிலும் பிழை இல்லை.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சிவப்பாக மாறின பாசிச்சாயத்தாளை (புளிப்புப் பட்டால் சிவக்கும் லிட்மஸ் தாள்) கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் மண்ணும் இப்போது அந்தத் தாளைச் சிவப்பாக்கும்.

சரி, இனிச் செய்ய வேண்டியது. ஹெக்டேயருக்கு 2 தொன் டொலமைட் (சுண்ணாம்புக் கல் போன்ற ஒரு கல்லின் தூள்) என்று மண் பரிசோதனை அறிக்கையில் இருப்பதாகச் சொன்னாய். நம் கணக்கில் ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறக்குறைய 50 கிலோ, ஒரு மூட்டை. டொலமைட்டையே வாங்கு, அதில் மக்னீசியமும் இருக்கிறது. யாராவது நீற்றின சுண்ணாம்பு மலிவு என்று சொன்னால் அதே அளவு போட்டுவிடாதே. 100 கிலோ சுண்ணாம்புக் கல் தூள் செய்கிற வேலையை அது 74 கிலோவிலேயே செய்துவிடும், வேகமும் கூட. ஐப்பசியில் ஈரம் இருக்கும்போது தூவி, மண்வெட்டியால் ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடு. மேலே வெள்ளையாகக் கிடந்தால் வேருக்குப் பிரயோசனம் இல்லை. தை மாதம் விதைக்கும் வரை அது மண்ணோடு சேர நேரம் கொடு. யூரியாவை அதோடு சேர்த்துப் போடாதே, தழைச்சத்து காற்றோடு போய்விடும். மாட்டெருவையும் சில கிழமை கழித்தே போடு.

வத்தகை கொஞ்சம் புளிப்பைப் பொறுக்கிற கொடி. பிஎச் 6-ஐத் தாண்டினாலே போதும். 7-க்கு மேலே கொண்டுபோக ஆசைப்படாதே. அப்படிப் போனால் இரும்புச்சத்து கொடிக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளிறிப் போகும். இங்கே அந்தக் கரைச்சலை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், காய் பிடித்த பிறகு தண்ணீரை ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் வெறுமையாகவும் விடாதே. மண்ணில் கல்சியம் இருந்தாலும் காய்க்குப் போய்ச் சேராது, பூ இருந்த பக்கம் கறுத்து அழுகும். என் தோட்டத்தில் இந்தச் சித்திரையில் இறைக்கிற மெஷின் பழுதாகி ஐந்து நாள் நின்றது. பிள்ளையைப் போலப் பார்த்து வளர்த்த காய்கள், பதினொன்று அப்படியே போய்விட்டன. மிச்சத்தில் ஒன்றைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கத்தி நுனியால் தொட்டேன், படாரென்று தானாகவே பிளந்தது. பேத்தி அரைவாசியை ஒருத்தியாகவே தின்று முடித்தாள். உன்னை நினைத்தேன்.

இந்த முறை விதையைத் தபாலில் போடமாட்டேன். மார்கழிக் கடைசியில் நானே கொண்டுவருகிறேன். அதற்குள் மண்ணை இன்னொரு தரம் பரிசோதிக்கக் கொடுத்து வை. நான் வந்து பார்க்காமல் ஒரு விதையும் ஊன்றாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்