முதலில் ஒரு புளியங்கொட்டைப் பை

ஹாரோ, லண்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கு நலம். நீ, அத்தான், கதிர் மூவரின் நலமும் அறிய ஆவல்.

கதிருக்கு டிஸ்ப்ராக்சியா, அதாவது உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம், என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததையும், "இனி கிரிக்கெட் வேண்டாம், அடிபட்டுக்கொண்டு வருவான்" என்று வீட்டில் பேச்சு நடப்பதையும் போனில் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விளையாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆசை இல்லாத பிள்ளையை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது எவ்வளவு பாடு என்று என்னைப் போல ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். கதிர் விடிந்ததும் மட்டையைத் தூக்குகிறவன். நமக்குப் பாதி வேலை மிச்சம்.

அவன் சோம்பேறியும் இல்லை, கவனம் கெட்டவனும் இல்லை. தசையிலோ புத்தியிலோ குறை கிடையாது. ஓர் அசைவை மனதில் வகுத்து, வரிசைப்படுத்தி, பழகப் பழக நினைக்காமலே செய்யும் அளவுக்குப் பதித்துக்கொள்வது மூளையின் வேலை. அந்த வேலை அவனுக்குத் தாமதமாக நடக்கிறது. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5, 6 பேர் இப்படித்தான். 40 பேர் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். இங்கே டாக்டர்கள் காகிதத்தில் டிசிடி (டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்) என்று எழுதினாலும், பேச்சில் எல்லாரும் டிஸ்ப்ராக்சியா என்றே சொல்கிறார்கள்.

பயிற்சிக்கு முன்னால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. பார்வைக் குறையாலும் பந்து தவறும். இன்னும் ஒன்றைக் கவனி. நேற்றுவரை செய்ததை இன்று செய்ய முடியாமல் போவது, ஒரு பக்கக் கைகால் மட்டும் சோர்வது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவது, இதில் எது தெரிந்தாலும் நான் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டரிடம் போ. டிஸ்ப்ராக்சியாவில் முன்னேற்றம் மெதுவாக வரும், ஆனால் கற்றது கழன்று போகாது.

முதலில் கேட்ச். ரப்பர் பந்தையும் டென்னிஸ் பந்தையும் பரண்மேல் போடு. பழைய பருத்தித் துணியில் நாலங்குலச் சதுரமாக ஒரு பை தைத்து, 100 கிராம் புளியங்கொட்டை போட்டு மூடு. முக்கால் பங்குதான் நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் கையில் விழுந்ததும் தொய்ந்து அமரும். இறுக்கி அடைத்தால் அதுவும் பந்து மாதிரித் தெறிக்கும்.

ஏன் பை? கேட்ச் பிடிப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், சரியான நொடியில் விரலை மூட வேண்டும். கதிர் போன்ற பிள்ளைகளுக்கு இரண்டாவது பிந்திவிடும், அதற்குள் பந்து உள்ளங்கையில் பட்டு வெளியே போய்விடும். பை தெறிக்காமல் அந்த ஒரு கணம் காத்திருக்கும். தவறினாலும் விழுந்த இடத்தில் கிடக்கும். சாக்கடைவரை ஓடும் பந்தைத் துரத்தியே அவன் களைத்துப்போக வேண்டாம்.

அவன் கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிற்கட்டும். நீ ஐந்தடி தள்ளி நின்று, கையைக் கீழிருந்து வீசி, ஒவ்வொரு முறையும் அவன் வயிற்றுக்கு நேராகவே போடு. வேகம் மாறக் கூடாது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாலும் பிடித்த கணக்குதான். பத்துக்கு எட்டு கைக்குள் வந்தால் ஓரடி பின்னால் போ. பத்தடி தூரம் வந்ததும் பெரிய ஸ்பாஞ்சுப் பந்துக்கு மாற்று, ஆனால் மாற்றிய அன்றைக்கு மறுபடி ஐந்தடிக்கே வந்துவிடு. பலரும் சறுக்குவது இங்கேதான். பந்தையும் மாற்றி, தூரத்தையும் வேகத்தையும் கூட்டிவிட்டு, "நேத்து பிடிச்சானே, இன்னைக்கு ஏன் கோட்டை விடுறான்?" என்று கேட்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். வீட்டு முற்றத்தில் வந்தது மைதானத்தில் தானாக வராது. இடம் மாறினால் அதுவும் ஒரு மாற்றம்.

அடுத்தது கண். இங்கே எக்ஸிடர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் பார்வையைப் பழக்கிப் பார்த்து, அதனால் கேட்ச் தேறுவதைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் செய்ய எளிது. சுவரில் அவன் கண் உயரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடு. எறியும் முன் வட்டத்தையே பார்த்து "ஒண்ணு, ரெண்டு" என்று மெதுவாக எண்ணட்டும். எண்ணி முடித்ததும் எறிய வேண்டும். சுவரில் பட்ட நொடியிலிருந்து பந்து கைக்குள் வரும்வரை கண் பந்தை விடக் கூடாது. மஞ்சள் பந்து, வெள்ளைச் சுவர் என்றால் நன்றாகத் தெரியும். வேப்பமரத்தடி நிழலில் பச்சைப் பந்து வைத்துப் பழக்காதே.

நீ சொல்லும் சொல்லும் முக்கியம். "கவனமாப் பிடிடா" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு எதுவுமே தெரியாது. கனடாவில் உருவான ஒரு முறையை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், செய்து பார்க்கிறேன், நினைத்தபடி வந்ததா என்று நாலே படி. விடையை நாம் சொல்வதில்லை. "பந்து வந்தப்ப உன் கண் எங்க இருந்துச்சு?" என்று கேள். யோசித்து "உன் முகத்தைப் பார்த்தேன்" என்பான். "அப்ப அடுத்த தடவை என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. பத்து விநாடி ஆனாலும் அவன் வாயால் வரட்டும். தானே கண்டுபிடித்த வழி நிற்கும், நாம் திணித்தது மறுநாள் போய்விடும். செய்து காட்டும்போது எதிரே நிற்காதே, இடதும் வலதும் அவனுக்குக் குழம்பும். பக்கத்தில், அவன் பார்க்கும் பக்கமே பார்த்து நில்.

பேட்டிங்குக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு மணல் போட்டு, வாயில் டென்னிஸ் பந்தை வை. அசையாத பந்தை அடித்துப் பழகட்டும். அது தேறிய பிறகு, அத்தான் மட்டை வீச்சுக்கு எட்டாமல் பக்கவாட்டில் நின்று தோள் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விடட்டும். ஒரு குத்து குத்தி எழும்போது அடிக்க வேண்டும். மூன்றாவதாகத்தான் பன்னிரண்டடி தூரத்திலிருந்து கீழ்க்கையால் போடும் பந்து. மட்டையை முதலிலேயே தூக்கி வைத்துக்கொள்ளச் சொல், தூக்கும் வேலை ஒன்று குறையும். "பார், பொறு, அடி" என்று அவனே முணுமுணுக்கட்டும். மட்டை கனமாக இருந்தால் இவ்வளவும் வீண். அவன் ஒரு கையால் நேராக நீட்டிப் பிடிக்க முடியாத மட்டை அவனுக்கு ஆகாது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று அண்ணன்மார் மட்டையைக் கொடுப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். மற்றவர்கள் நினைக்காமல் செய்வதை இவன் ஒவ்வொன்றாக நினைத்துச் செய்கிறான், அதனால் சீக்கிரம் களைப்பான். நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்து. "இன்னும் அஞ்சு" என்று இழுத்தால் அந்த ஐந்தும் தவறும், இரவு படுக்கும்போது அதுதான் அவன் நினைவில் நிற்கும்.

தெருவில் மற்ற பிள்ளைகளோடு ஆடும்போது அவனை ஒப்புக்குச் சப்பாணியாக வைக்க விடாதே. அந்தச் சொல்லே வேண்டாம் அக்கா, எனக்கு அதை எழுதவே மனம் கூசுகிறது. ஸ்கோர் எழுதவும் உட்காரவைக்காதே, அவன் ஆட வந்தவன். பந்து உருண்டு வரும் மிட் ஆன் பக்கம் ஒரே இடத்தில் நிறுத்தச் சொல், ஓவருக்கு ஓவர் மாற்ற வேண்டாம். ரன் ஓடும்போது கூட ஆடுபவன் "ஓடு", "நில்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது எப்போதும் ஒரே பிள்ளைதான். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொல்லி பி.டி. சாரிடம் நீயே கேள்.

இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ஞாயிறு காலை 9 மணிக்குப் பூங்காக்களில் ஜூனியர் பார்க்ரன் என்ற பிள்ளைகள் ஓட்டம் நடக்கும். 4 முதல் 14 வயதுவரை, 2 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் நடந்து வருவார், அதனால் எந்தப் பிள்ளையும் கடைசி ஆவதில்லை. குளிரில் மூக்கு சிவக்க ஓடிவந்து முடிக்கும் பிள்ளைகளின் முகத்தை நீ பார்க்க வேண்டும். கிரிக்கெட்டும் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு மெத்துப் பந்தில்தான் தொடங்குகிறது. 5 முதல் 8 வயதுக்கு ஆல் ஸ்டார்ஸ், 8 முதல் 11 வயதுக்கு டைனமோஸ் என்று ஊர் ஊருக்கு வகுப்பு உண்டு. ஓட்டமும் நீச்சலும் கதிருக்கும் நல்லது. எதிராளியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டாம், தன் போக்கில் செய்யலாம்.

சைக்கிள் வரவில்லை என்றாயே, பின் சக்கரத்தில் குட்டிச் சக்கரம் மாட்டாதே. அதில் பெடல் மிதிக்கப் பழகுவான், சாய்ந்து சமாளிக்கப் பழகமாட்டான். இரண்டு பெடலையும் கழற்றிவிடு. 15 எம்எம் ஸ்பானர் போதும், இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம், வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி சீட்டை இறக்கு. காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பதினைந்தடி மிதந்து போக வந்த பிறகு பெடலை மாட்டு.

ஷூவுக்கு முடிச்சுப் போடத் தேவையில்லாத இழுவை நாடா அனுப்பியிருக்கிறேன். முடிச்சுப் போடப் பழகுவது விடுமுறை நாளில் நிதானமாக நடக்கட்டும், ஆட்டத்துக்குப் போகும் அவசரத்தில் வேண்டாம். பேடு கட்டும்போது குழம்பாமல் இருக்க, உள்பக்கம் மார்க்கரால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி வை.

பள்ளியில் கேட்பதற்குத் தயங்காதே. நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற பகுதியில் டிஸ்ப்ராக்சியாவின் பேரே இருக்கிறது. இங்கே இதற்கென ஒவ்வொரு பள்ளியிலும் சென்கோ என்று ஓர் ஆசிரியர் உண்டு. அங்கே யாரும் இல்லாவிட்டால் தலைமை ஆசிரியரிடம் டாக்டர் கடிதத்தோடு போ. எழுத்து வேலைக்குக் கூடுதல் நேரமும், பி.டி. வகுப்புக்கு உடை மாற்றப் பத்து நிமிடம் முன்னால் விடுவதும் கேள்.

இந்த வாரம் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி திருநெல்வேலி வருகிறாள். இரண்டு ஸ்பாஞ்சுப் பந்து, நாடா, மஞ்சள் பந்து எல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். பை தைக்கும் வேலை உன்னுடையது. தனக்கு எந்த மூன்று காரியம் கைவர வேண்டும் என்று கதிரையே சொல்லச் சொல், நீயும் அத்தானும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவன் கையெழுத்து எப்படி இருந்தாலும் அவனே எழுதி அனுப்பட்டும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். கதிருக்குச் சித்தியின் முத்தம்.

உன் அன்புத் தங்கை