தை மாதத்தில் ஒருமுறை வாருங்கள்

மாநில வனத்துறை, சுற்றுச்சூழல் துறை, மீன்வளத்துறை அமைச்சர்களுக்கும், டெல்லியில் சுற்றுச்சூழலைக் கவனிக்கும் அமைச்சருக்கும் எண்ணூரிலிருந்து வணக்கம்.

நால்வருக்கும் ஒரே மடல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கரையில் செத்து ஒதுங்கும் கடலாமைகளைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டால், ஒவ்வொரு அலுவலகமும் பக்கத்துக் கதவைக் காட்டுகிறது.

2025 பொங்கல் கழிந்த வாரம். விடியற்காலையில் கடற்கரைக்குப் போனபோது, கல் கொட்டிய இடத்துக்கு அருகே ஒரு பங்குனி ஆமை ஒதுங்கிக் கிடந்தது. கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் பிதுங்கியிருந்தன. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காசிமேட்டில் முப்பது வருடம் விசைப்படகில் போய்வந்த என் மாமா குனிந்துகூடப் பார்க்கவில்லை. “இழுவலை மடியில் மாட்டி மூச்சு முட்டியிருக்கிறது” என்றார். பின்பக்கத்தை நாய்கள் கிழித்திருந்தன. அந்தக் கிழிசல் வழியாக முட்டைகள் தெரிந்தன. வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, இன்னும் ஈரமாக. அடுத்த பதினைந்து நாளும் இதே காட்சிதான். குழி தோண்டப் பொக்லைன் வந்தது. அந்தப் பருவத்தில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஒதுங்கியவை ஆயிரத்தைத் தாண்டின என்பதும், பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

உங்களை இந்தக் கடற்கரைகளில் நாங்கள் பார்ப்பது பங்குனி, சித்திரையில். பொரிப்பகத்தில் 45 முதல் 60 நாள் காத்திருந்து வெளிவந்த குஞ்சுகளைக் கூடையிலிருந்து மணலில் விடுகிறீர்கள். படம் அழகாகவே வருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டைகளைத் தேடி இரவெல்லாம் நடக்கும் இளைஞர்களுக்கும் வனப் பணியாளர்களுக்கும் உரிய நாள் அது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்று பிழைத்து வளர்வதே அரிது என்கிறார்கள். அது முட்டையிடும் வயதுக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு முறைக்கு அது இடுவது ஏறத்தாழ நூறு முட்டை. நாய் கிழித்துக் கிடந்த அந்த ஒரு தாய்க்கு ஈடு செய்ய நீங்கள் எத்தனை கூடை கவிழ்க்க வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் இந்த ஆமைக்குப் புலிக்குச் சமமான முதல் அட்டவணைப் பாதுகாப்பு. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று மாநில விதியும் இருக்கிறது. ஆமை தப்பிக்க வழி வைத்த வலையைப் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். அந்த வழியில் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை, அது முழுப் பொய்யும் அல்ல. அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்று பேச ஆளில்லை. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. ஆமைகள் சாவதோ ஜனவரி, பிப்ரவரியில்.

செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கு நாட்டின் முதல் காப்பகம் அறிவித்தது தமிழ்நாடு. அதே ஆண்டு கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம். மனதாரப் பாராட்டுகிறேன். என் சந்தேகமெல்லாம், துறைமுகமும் அனல்மின் நிலையமும் கண் வைத்திருக்கும் இடத்தில் இதே வேகம் ஏன் வருவதில்லை என்பதுதான். பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. 1980இலேயே பறவைகள் சரணாலயமான பழவேற்காடு ஏறவில்லை. அதன் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கக் கோப்பு மட்டும் உயிரோடு இருக்கிறது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, பறிக்கூடை கட்டிக் கையால் இறால் தடவுகிறவர்களின் கைக்குச் சேறுதான் வருகிறது.

டெல்லிக்கும் ஒரு வார்த்தை. பிரதமர் தலைமையிலான தேசிய வனவிலங்கு வாரியம் 2012க்குப் பிறகு முழுதாகக் கூடியது 2025 மார்ச்சில், கிர் காட்டில். இடையில் சுற்றுச்சூழல் அமைச்சர் தலைமையிலான நிலைக்குழு மட்டும் தவறாமல் கூடித் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்துகொண்டிருந்தது. காக்க வேண்டியவர்களுக்குக் கூடிப் பேச நேரமில்லை, அனுமதிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் நேரம் இருந்தது என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்தபோது, பாலத்தடியில் ஒரு கூழைக்கடாவைப் பார்த்தேன். இறகெல்லாம் கறுத்து ஒட்டியிருந்தது. அலகால் கோதக் கோத அலகும் கறுத்தது. அந்த வாரம் வந்த அதிகாரிகளின் காலணிகள் சுத்தமாகவே இருந்தன.

கேட்பது பெரிதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்த 5 கடல் மைலுக்குள் எத்தனை முறை ரோந்து போனீர்கள், எத்தனை படகுகளைப் பிடித்தீர்கள், எத்தனை ஆமைகள் ஒதுங்கின, எதனால் செத்தன என்பதை வாராவாரம் தமிழில் வெளியிடுங்கள். தடைக்காலம் போலவே ஆமைப் பருவத்திலும் கட்டுப்பாடு வைத்து, வருமானம் குறைகிற படகுத் தொழிலாளிக்கு நிவாரணம் கொடுங்கள். அடுத்த கூடையைக் கவிழ்க்கும் முன், அந்த ஆண்டு நீங்கள் ஒப்புதல் தந்த கடற்கரைத் திட்டங்களின் பட்டியலை அதே மேடையில் வாசியுங்கள்.

வருவதானால் தை மாதத்தில் வாருங்கள். ஐந்தரைக்குள் வந்தால் நாய்களுக்கு முன்னால் வந்துவிடலாம். மேடை போட வேண்டாம். டீக்கடை திறந்திருக்கும், மாமாவும் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கடற்கரைவாசி ஒருவன்